ஊட்டி ஈரத்தில் பழைய காமிக்ஸைத் தொகுப்பாகக் கட்டுவது எப்படி

இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், சட்டித்தலையன் ஆர்ச்சி என்று பரணில் ஐம்பது அறுபது பழைய இதழ்கள் கிடந்தால், உதிரியாக வைத்திருப்பதைவிடத் தைத்துத் தொகுப்பாக்கிவிடுவது நல்லது. உதிரி இதழ் கைமாறும், அட்டை கிழியும், நடுப்பக்கம் கழன்று போகும். ஆனால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இந்த வேலைக்கு ஒரு நிபந்தனை உண்டு: காகிதம் காய்ந்த பிறகுதான் ஊசியைத் தொட வேண்டும். ஈரத்தோடு கட்டிய தொகுப்பு உள்ளிருந்தே பூஞ்சை பிடிக்கும். அதைப் பிரித்துச் சரிசெய்வது புதிதாகக் கட்டுவதைவிடப் பெரிய வேலை.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடலாம். கதையை எழுதியவர், வரைந்தவர் பெயர் இல்லாத தொகுப்பு பாதி தொகுப்புதான். பழைய தமிழ் இதழ்களில் அந்தப் பெயர்கள் பெரும்பாலும் இருக்காது. நாம்தான் தேடி எழுத வேண்டும். அதற்குக் கீழே தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

எந்த மாதத்தில் தொடங்குவது

ஊட்டியில் ஜனவரி முதல் மார்ச் பாதி வரை. பனி உறையும் காலைகளைப் பார்த்து ஈரம் என்று பயப்பட வேண்டாம். பகலில் காற்று நன்றாகவே காய்ந்திருக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை எதையும் பிரிக்காதீர்கள். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் எமன், ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலைக்கு விடுமுறை. கொடைக்கானலுக்கும் அதே கணக்கு.

மாதத்தை நம்புவதைவிட மீட்டரை நம்புவது மேல். சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்றை வாங்கி, வேலை செய்யும் அறையில் வையுங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து சில நாட்கள் நின்றால் தொடங்கலாம். 65-ஐத் தாண்டி நிற்கும் அறையில் பூஞ்சை வளரத் தொடங்கிவிடும். பிற்பகலில் மூடுபனி ஏறும் வீடுகளில் இரண்டு மணிக்கே ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். காலை முழுக்கக் காய்ந்ததை எல்லாம் அந்த ஒரு மணி நேரப் பனி தின்றுவிடும்.

காயவைக்க மொட்டை மாடி வெயில் வேண்டாம். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் புற ஊதாக் கதிரின் கடுமை அதிகம். நியூஸ்பிரிண்ட் காகிதத்தில் இருக்கும் லிக்னின் அந்த ஒளியில் வேகமாக மஞ்சளாகி நொறுங்கும். வெயில் விழும் சுவரையுடைய அறையில், நிழலில், இதழ்களைக் கூரைபோல் விரித்து நிறுத்தி, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் போதும். காற்று நேராகப் பக்கத்தின் மேல் அடிக்கக் கூடாது. ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

பூஞ்சை பிடித்த இதழ்கள்

முதலில் அவற்றைத் தனி அறைக்கு மாற்றுங்கள். விரலில் ஒட்டிப் பிசுபிசுத்தால் பூஞ்சை உயிரோடு இருக்கிறது. அந்த நிலையில் துடைத்தால் கறை காகித நாருக்குள் இறங்கிவிடும். நன்றாகக் காய்ந்து பொடியாகும்வரை காத்திருந்து, வெளியில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான பெயின்ட் பிரஷால் முதுகிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டிவிடுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது.

மலையில் எல்லார் வீட்டிலும் இருப்பது நீலகிரித் தைலம். பஞ்சில் தொட்டுப் பெட்டிக்குள் வைத்தால் பூச்சியும் பூஞ்சையும் வராது என்று சொல்பவர்கள் நிறைய. வாசனை வரும், அவ்வளவுதான். ஈரம் இருக்கும்வரை பூஞ்சை வந்துகொண்டேதான் இருக்கும்; தைலம் பட்ட இடத்தில் எண்ணெய்க் கறை விழும், அது போகாது. பாச்சா உருண்டையும் பூஞ்சைக்குப் பயன்படாது.

பக்கம் எண்ணுதல், ஸ்டேபிள் பின் எடுத்தல்

காய்ந்த இதழை முதல் பக்கத்திலிருந்து எண்ணுங்கள். அந்தக் காலத்தில் போட்டிக் கூப்பனை வெட்டி அனுப்பியவர்கள் ஏராளம். கூப்பனுக்குப் பின்பக்கத்தில் கதையின் கடைசிப் படங்கள் போயிருக்கும். நடுத்தாள் கழன்று வேறு இதழுக்குள் கிடப்பதும் வழக்கம். விட்டுப்போன பக்கத்துக்கு நகல் வைப்பதானால் லேசர் பிரிண்ட் எடுங்கள். இங்க்ஜெட் மை மலை ஈரத்தில் கசியும்.

பிறகு ஸ்டேபிள் பின். பழைய இதழ்களை நடுவில் இரும்புக் கம்பிப் பின் கொண்டுதான் அடித்திருப்பார்கள். மலையில் அது துருப்பிடித்து, சுற்றியுள்ள காகிதத்தைக் கரிபோல் நொறுங்க வைத்திருக்கும். வெளிப்பக்கத்திலிருந்து இழுத்தால் முதுகோடு பிய்ந்து வரும். நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் கால்களுக்கு அடியில் பழைய எக்ஸ்ரே பிலிம் துண்டு ஒன்றைச் செருகி, வெண்ணெய்க் கத்தி போன்ற மொட்டைக் கத்தியால் ஒவ்வொரு காலாக நிமிர்த்துங்கள். இரண்டு காலும் நேரானபின் இதழை மூடி, முதுகுப் பக்கமாக நகம் கொடுத்து எடுத்தால் வந்துவிடும். கால் முறிந்தால் முறியட்டும்; துருத்தூளைப் பிரஷால் தட்டுங்கள், கறையைச் சுரண்ட வேண்டாம்.

கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் சில வருடங்களில் பசை மஞ்சளாகி மறுபக்கம் வரை ஊறும். ஜப்பானிய டிஷ்யூ காகிதத்தைப் பட்டையாகக் கையால் கிழித்து, மாவுப் பசையால் ஒட்டுவதே சரி. மடிப்பு முழுவதும் கிழிந்த தாளுக்கு ஒன்றரை செ.மீ. அகலப் பட்டை போதும். ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பழைய டேப்பைப் பிடுங்காதீர்கள், அச்சு மையோடு வரும்.

பசை

50 கிராம் மைதாவுக்கு 300 மில்லி தண்ணீர். முதலில் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் பத்து நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாவதுபோலப் பசைக்கும் ஆகுமோ என்ற கவலை வேண்டாம். கோதுமை மாவின் ஸ்டார்ச் 60, 65 டிகிரியிலேயே வெந்து பிசினாகிவிடும். பளபளப்பு வந்து கரண்டியிலிருந்து நாடாவாக விழுந்தால் இறக்கிவிடலாம். ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது பைண்டர்களின் பழைய வழக்கம். கணக்கு நோட்டுக்கு அது பரவாயில்லை. துத்தத்திலுள்ள செம்பு காகித நார் சிதைவதை விரைவுபடுத்தும். ஏற்கெனவே அமிலமேறிய நியூஸ்பிரிண்டுக்கு அது விஷம்.

தையல்

ஒரு தொகுப்பின் முதுகு, கையால் அழுத்திப் பிடிக்கும்போது, நான்கு செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் விரித்துப் படிக்க முடியாது, முதுகும் உடையும். மெல்லிய பாக்கெட் சைஸ் இதழ்களானால் பத்துப் பன்னிரண்டு வரும்.

நடுப்பின் அடித்த இதழ் ஒவ்வொன்றும் ஒரு பாரம் (சேர்த்து மடித்த தாள்கட்டு) மாதிரி. நடு மடிப்பில் ஊசி விட்டுத் தைக்கலாம். பழைய பின் ஓட்டைகள் இரண்டையும் பயன்படுத்திக்கொண்டு, தலையிலும் அடியிலும் ஒன்றரை செ.மீ. உள்ளே தள்ளி மேலும் இரண்டு துளை போடுங்கள். மெழுகு தடவிய பருத்தி நூல் போதும். ஆனால் நூல் தடிமனாக இருந்தால் பன்னிரண்டு மடிப்புக்கும் சேர்த்து முதுகுப் பக்கம் மட்டும் வீங்கி, தொகுப்பு ஆப்பு வடிவத்தில் நிற்கும். மெல்லிய நூலாகப் பாருங்கள். நடுத் துளைகளின் வெளிப்புறம் பருத்தி நாடா இரண்டு கொடுத்து அவற்றைச் சுற்றித் தைத்தால் அட்டையோடு பிணைக்க வசதி.

தடித்த சிறப்பிதழ்கள் முதுகில் பசை போட்டோ, பக்கவாட்டில் பின் அடித்தோ வந்திருக்கும். அவற்றை இந்த முறையில் தைக்க முடியாது. மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக ஒரு பெட்டியில் வைத்துவிடுவதே எங்கள் பரிந்துரை.

ஒவ்வொரு இதழின் மேலட்டையும் அதன் இடத்திலேயே இருக்கட்டும். அட்டை வழவழப்பான ஆர்ட் பேப்பராக இருந்தால் அதற்கும் அடுத்த தாளுக்கும் நடுவே அமிலமில்லாத மெல்லிய காகிதம் ஒன்று வையுங்கள். வழவழப்புக்குப் பூசியிருக்கும் பூச்சு ஈரத்தில் இளகி, அழுத்தத்தில் பக்கத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் படம் ஒரு தாளிலும் வெள்ளை ஒரு தாளிலுமாக வரும்.

கடையில் கொடுத்துக் கட்டுவதானால், மேட்டுப்பாளையமோ கோவையோ, பைண்டரிடம் வேலை தொடங்குமுன் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்: “அண்ணா, பக்கத் தையல் வேண்டாங்க, ஒவ்வொரு புக்கையும் நடுவுல ஊசி விட்டுத் தைச்சுக் குடுங்க. ஓரம் மூணு பக்கமும் வெட்டவே வேண்டாம். பசையில துத்தம் போடாதீங்க.” சொல்லாவிட்டால் வழக்கமான வேலைதான் நடக்கும். பக்கத் தையல் உள்ளோரத்தில் ஒரு செ.மீ.யை விழுங்கும், வசன பலூனின் பாதி மடிப்புக்குள் போய்விடும். கட்டிங் மெஷின் பக்க எண்ணையும் மேல்வரிக் குறிப்பையும் சேர்த்தே வெட்டும். வெவ்வேறு வருட இதழ்கள் சில மில்லிமீட்டர் வித்தியாசத்தில் இருக்கும். அடியையும் முதுகையும் சமமாக்கி, மற்ற ஓரங்கள் ஏற்ற இறக்கமாக இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

அட்டைக்கு இரண்டு அல்லது இரண்டரை மி.மீ. போர்டு, மேலே காலிகோ துணி. போர்டின் நார் ஓடும் திசை முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். வெளியே ஒட்டினால் உள்ளேயும் காகிதம் ஒட்டியாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய போர்டு காயும்போது அப்பளமாக வளையும். சமவெளியில் கட்டி மேலே கொண்டுவரும் தொகுப்பும் இங்குள்ள ஈரத்தை உறிஞ்சி வளையும். வந்தவுடன் அலமாரியில் நிறுத்தாமல், இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, காகிதம் சுற்றிய செங்கல் நான்கை ஏற்றி ஒரு வாரம் விடுங்கள்.

யார் எழுதியது, யார் வரைந்தது

தொகுப்பின் முன்னால் இரண்டு வெற்றுத் தாள் சேர்த்துத் தைத்தால் அதுதான் அட்டவணை. தமிழ்த் தலைப்பு, இதழ் எண், மாதம், ஆண்டு, மூலம் வந்த வார இதழ், எழுத்து, ஓவியம் ஆகியவற்றுக்கு இடம் விடுங்கள். மறுபதிப்புக்கும் ஓர் இடம் வேண்டும். முத்து காமிக்ஸில் வந்த கதை பிறகு காமிக்ஸ் கிளாசிக்ஸில் வேறு எண்ணோடு வந்திருக்கும்.

நம்மூர் சூப்பர் ஹீரோக்களில் பலர் பிரிட்டிஷ் வார இதழ்களில் பிறந்தவர்கள். ஒரே இதழில் பத்துப் பதினைந்து தொடர்கள், ஒவ்வொன்றுக்கும் வாரம் இரண்டு பக்கம் என்பது அங்கே வழக்கம். 1960களில் அந்த இதழ்கள் பெரும்பாலும் படைப்பாளிகள் பெயரை அச்சிடுவதில்லை. ஆகவே நம் இதழ்களில் பெயர் இல்லாததற்குச் சிவகாசிப் பதிப்பாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியோடுதான். மூலம் 1962 அக்டோபரில் வெளிவந்த ‘வேலியன்ட்’ முதல் இதழ். எழுதத் தொடங்கியவர் கென் பல்மர், பிறகு டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. தூரிகையால் இழுத்த அடர்ந்த கறுப்பு, நிழலில் பாதி மறைந்த முகம், புகைப்படம்போன்ற கட்டடங்கள் என்றிருந்தால் அவர் கை. மின்சாரம் பாய்ந்து உடல் மறைந்து கை மட்டும் தெரியும் காட்சிகளில் அந்த உலோக விரல்களின் பளபளப்பைப் பாருங்கள். பிறர் வரைந்த மாயாவியில் அந்த எடை இருக்காது.

ஸ்பைடர், 1965 ஜூனில் பிரிட்டனின் ‘லயன்’ வார இதழில் வந்தவர். முதல் கதைகளை எழுதியவர் டெட் கோவன். ஓவியம் ரெக் பன். மெல்லிய பேனாக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பது பன்னின் அடையாளம். மலிவான அச்சில் அந்தக் கோடுகள் அடைத்துக்கொண்டு கரும்புள்ளியாகிவிடும், ஒரே கதைக்கு இரண்டு பிரதி இருந்தால் அச்சுத் தெளிவானதைத் தொகுப்பில் சேருங்கள். கோவனுக்குப் பிறகு எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து உருவாக்கிய அதே சீகல்தான். குற்றச் சக்கரவர்த்தியாக அறிமுகமான ஸ்பைடர் விசித்திர வில்லன்களோடு மோதும் நாயகனாக முழுதாக மாறியது இவர் காலத்தில். அட்டவணையில் இந்த எல்லையைக் கட்டாயம் குறித்து வையுங்கள்.

ஆர்ச்சியும் கோவன் படைப்புதான். 1952-இல் அதே ‘லயன்’ முதல் இதழில் காட்டு ரோபோவாகத் தொடங்கியது. பிற்காலத்தில் நீண்ட காலம் வரைந்தவர் டெட் கியரன். கோட்டை வடிவக் கால இயந்திரம் வருகிறதென்றால் அது 1960களின் பிற்பகுதியிலோ அதற்குப் பிறகோ வந்த கதை.

ஒரு சிக்கல். வார இதழின் பெரிய பக்கத்தை பாக்கெட் சைஸுக்குக் கொண்டுவரும்போது படங்களை வெட்டி மாற்றி அடுக்கியிருப்பார்கள். அதனால் ஆங்கிலத் தொகுப்போடு பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டால் பொருந்தாது. படத்துக்குப் படம் ஒப்பிட வேண்டும். தவிர, ஸ்பைடரும் மாயாவியும் 1967, 68-இல் பிளீட்வே பதிப்பகத்தின் சிறிய வடிவ முழுநீளப் புத்தகங்களாகவும் தனியே வந்தார்கள். அவற்றின் ஓவியர்கள் வேறு. ஸ்பைடர் என்றாலே ரெக் பன் என்று எழுதிவிடக் கூடாது. வாரத் தொடரில் ஒவ்வொரு வாரப் பகுதியின் முடிவிலும் திடுக்கிடும் நிறுத்தம் வரும். முழுநீளக் கதையில் அந்தத் துடிப்பு இருக்காது. பிரித்தறிய இது நல்ல வழி.

அட்டவணையில் உறுதியாகத் தெரிந்ததை மையால் எழுதுங்கள், ஊகத்தைப் பென்சிலால். ராணி காமிக்ஸின் முகமூடி வீரர் மாயாவியை இரும்புக்கை மாயாவியின் வரிசையில் சேர்க்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் லீ ஃபாக் 1936-இல் உருவாக்கிய ஃபேன்டம்.

இறக்குமதித் தொகுப்புகள் வாங்கும்போது

மார்வெலின் பழைய கதம்ப இதழ்கள் இன்று தொகுப்பாக வரும்போது இதழ்வாரியாக வருவதில்லை, பெரும்பாலும் நாயகர்வாரியாகத்தான் வருகின்றன. 1960களில் மார்வெலின் விநியோகம் போட்டியாளரான டிசியின் நிறுவனத்தின் கையில் இருந்தது. மாதத்துக்கு இத்தனை தலைப்புதான் என்று கட்டுப்பாடு. அதனால் ஒரே இதழில் இரண்டு நாயகர்களை அடைத்தார்கள். ‘டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்’ 59-ஆம் இதழிலிருந்து (1964 நவம்பர்) பாதி அயர்ன் மேன், பாதி கேப்டன் அமெரிக்கா. 1968-இல் கட்டுப்பாடு தளர்ந்ததும் ஆளுக்கொரு இதழாகப் பிரிந்தது. நீங்கள் அந்த இதழ்களை முழுதாகப் படிக்க வேண்டுமானால் இரண்டு வரிசைத் தொகுப்பும் வாங்கியாக வேண்டும். சில கதைகள் இடையிலும் உடையும்: அயர்ன் மேனுக்கும் சப்மரைனருக்கும் ‘சஸ்பென்ஸ்’ 80-இல் தொடங்கும் சண்டை ‘டேல்ஸ் டு அஸ்டானிஷ்’ 82-இல்தான் தொடரும். வாங்குமுன் உள்ளடக்கப் பட்டியலில் இதழ் எண்களைச் சரிபாருங்கள்.

அமெரிக்க இதழ்களில் பெயர் இருக்கும், ஆனால் சில புனைபெயர். ஆடம் ஆஸ்டின் என்றால் ஜீன் கோலன். மிக்கி டிமியோ என்றால் மைக் எஸ்போசிட்டோ. ஜார்ஜ் பெல் என்றால் ஜார்ஜ் ரூசோஸ். ‘ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்’ 112, 113-இல் கதை எழுதிய ஜோ கார்ட்டர் வேறு யாருமில்லை, நம் ஸ்பைடர் எழுதிய ஜெர்ரி சீகல்தான். அட்டையில் போட்டிருக்கும் மாதமும் கடைக்கு வந்த மாதமும் ஒன்றல்ல. அட்டை மாதம் இரண்டு மூன்று மாதம் முந்தி ஓடும்.

பல இதழ்களை ஒன்றாகச் சேர்த்த பெரிய ‘ஆம்னிபஸ்’ தொகுப்புகள் இரண்டரை கிலோவுக்கு மேல் எடை, உள்ளே வழவழப்புத் தாள். நிறுத்தி வைத்தால் தாள்கட்டு அட்டையிலிருந்து கீழே இறங்கி முதுகைக் கிழிக்கும். படுக்க வைத்தால் எடையும் ஈரமும் சேர்ந்து தாள்கள் ஒட்டும். மலையில் படுக்க வைப்பதே குறைந்த தீமை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டுக்கு மேல் வேண்டாம், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை விசிறிபோல் புரட்டிவிடுங்கள்.

பெட்டியில் வைத்தல்

அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. குளிர்ந்த சுவரில் ஈரம் வியர்க்கும். ஐந்து செ.மீ. இடைவெளி விடுங்கள். மழைக்காலத்துக்கு ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாப் பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும்.

இங்கே பலரும் ஏமாறும் கணக்கு ஒன்று உண்டு. 80 சதவீத ஈரக் காற்றில் கிடந்த காகிதம் தன் எடையில் ஏறத்தாழ பத்து சதவீதம் தண்ணீர் வைத்திருக்கும். 50 சதவீதக் காற்றில் ஆறேழு. பத்து கிலோ புத்தகத்தை ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் வெளியேற வேண்டிய தண்ணீரே 300, 400 கிராம். சிலிக்கா ஜெல் தன் எடையில் கால்பங்குதான் பிடிக்கும். ஒரு கிலோவுக்கு மேல் ஜெல் போட்டால்தான் ஆகும். செருப்புப் பெட்டியில் வரும் சின்னப் பொட்டலம் நான்கு போட்டுப் பயனில்லை. மார்ச்சில் காயவைத்த புத்தகத்தை அப்படியே பெட்டியில் அடைத்தால் கால் கிலோ ஜெல் பருவம் முழுக்கத் தாங்கும்.

நிறம் மாறும் ஜெல் வாங்குங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் நிறைந்துவிட்டது என்று பொருள். நீல ஜெல்லில் இருக்கும் கோபால்ட் உப்பு நச்சு, அதனால் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். இதற்கென்றே ஒரு பழைய தகரத் தட்டு வைத்துக்கொண்டு, ஓடிஜி அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் நீலம் திரும்பும். ஆறிய பிறகே பெட்டிக்குள் போட வேண்டும். மூடிக்குள் பழைய ஹைக்ரோமீட்டரையே ஒட்டிவிடுங்கள்: 60 காட்டினால் ஜெல்லை மாற்றுங்கள், மாற்றியும் மூன்று நாளில் மீண்டும் ஏறினால் பெட்டியின் ரப்பர் விளிம்பு போய்விட்டது, பெட்டியை மாற்றுங்கள்.